கில்பெக்கில் ஒரு காலை

பெஞ்சில் இரவு மழையின் ஈரம். செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்ட்ஷயரின் ஓரத்தில், சில வீடுகளும் ஆட்டுப் பட்டிகளும் சேர்ந்த சிற்றூர். மேற்கே நீலமாகத் தெரிகிற மலை விளிம்பு வேல்ஸ்.

வாளி நிறைய மஞ்சள் டாஃபடில் பூக்களோடு ஒரு மூதாட்டி வருகிறார். தேவாலயக் கதவருகே ஒட்டியிருக்கும் தாளில் யாருக்கு எந்த வாரம் பூ முறை என்று எழுதியிருக்கிறது. ஜாடித் தண்ணீரை மாற்றுகிறார். வாடிய பூவைக் கல்லறைப் பக்கம் வீசாமல் வாளியிலேயே போட்டுக்கொண்டு போகிறார். ஞாயிறுதோறும் ஆராதனை கிடையாது. பல சபைகளுக்கு ஒரே போதகர், காரில் ஓடிக்கொண்டிருப்பார். இந்த வட்டாரத்துப் போதகர்களுக்கு ஓட்டம் புதிதல்ல. 1086இன் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில், அரசனின் செய்திகளை வேல்ஸுக்குள் கொண்டுபோவது இங்குள்ள மூன்று தேவாலயக் குருமார்களின் கடமை என்றிருக்கிறது. நார்மன்களின் ஆட்சிதான், ஆனால் ஊர் வழக்கம் வெல்ஷ் வழக்கம். இந்தத் தேவாலயத்தின் பெயரிலேயே அது தெரிகிறது: மரியாளோடு வேல்ஸின் புனிதர் டேவிட்டும் இருக்கிறார்.

ஒரு தாத்தாவும் பேத்தியும் வந்தார்கள். தாத்தா கழுத்தில் பைனாகுலர். தெற்கு வாசலின் கல்லில் கொடியும் பாம்பும் பின்னிக் கிடக்கின்றன. அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கூரை விளிம்புக்குப் போய்விட்டார்கள். எல்லோரும் அப்படித்தான். 1140 வாக்கில் செதுக்கிய தாங்குகற்கள், சுற்றிலும் எண்பத்தைந்து மிச்சமிருக்கின்றன. சிவந்த மணற்கல், இத்தனை மழைக்கும் மூக்கு தேயவில்லை. ஆட்டுக்கடா, பன்றி, கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்கிற இருவர்.

“நாயும் முயலும்!”

தொங்கிய காதோடு நாய். அதன் தோளில் சாய்ந்தாற்போல முயல். வேட்டைக்காரனும் இரையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செதுக்கியவன் பெயர் எங்கும் இல்லை.

சிறுமி விரல் நீட்டி எண்ணியபடியே கிழக்கு வளைவுக்குத் திரும்பினாள். தாத்தாவின் நடை சற்றே வேகமெடுத்தது. அங்கேதான் இருக்கிறாள் ஷீலா-நா-கிக்: மொட்டைத் தலை, உருண்ட கண், இரு கைகளாலும் பெண்குறியை அகல விரித்துக் காட்டுகிறாள். தீமையை விரட்டவா, பாவத்தை எச்சரிக்கவா, பிள்ளைப்பேறு வேண்டியா? அறிஞர்களின் சண்டை ஓயவில்லை.

“தாத்தா, இது என்ன பண்ணுது?”

தாத்தா பைனாகுலரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “வா, கோட்டையைப் பார்க்கலாம்” என்றார்.

இவ்வளவு நேரம் அவர் கண்ணில் படாத கோட்டை. தேவாலயத்துக்குப் பின்னால், அகழி சூழ்ந்த மண்மேடு. உச்சியில் உடைந்த கடைவாய்ப் பற்கள்போல இரண்டு சுவர்த் துண்டுகள். ஒன்றில் கணப்பின் புகைபோக்கித் தடம். ஜான் மன்னர் வந்து தங்கிய இடம். இப்போது புல்லுக்கு ஆடுகள்தான் காவல்.

மேட்டில் தாத்தா கையை ஆட்டி ஆட்டி மலைகளைக் காட்டுகிறார். எல்லைப்புறப் பிரபுக்கள், வெல்ஷ் படைகள் என்று நீளமாகவே போகிறது போலும். சிறுமி காலால் புல்லைக் கிளறுகிறாள்.

சறுக்கிச் சறுக்கி இறங்கினாள். தாத்தா பாதி மேட்டில் இருக்கும்போதே கிழக்கு வளைவுக்கு ஓடி, அதே கல்லுக்குக் கீழே அண்ணாந்து நின்றுவிட்டாள்.