கால் மாறி ஆடிய ஊர்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் சுந்தரேசுவரர் சன்னதிக்குப் போகும் வழியில், வெள்ளித் தகடு போர்த்திய மண்டபத்தில் நடராசர் நிற்கிறார். தில்லையில் வலக்கால் ஊன்றி இடக்கால் தூக்கி ஆடுபவர், இங்கே இடக்கால் ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். சிறுவயதில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்களை அங்கே நிறுத்தி, "நல்லாப் பாருங்க, கால் மாறியிருக்கு" என்பார்கள். நாங்கள் எங்கள் கால்களைத் தூக்கிப் பார்த்து எது வலம் எது இடம் என்று சரிபார்த்துக்கொள்வோம்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அதற்கொரு கதை உண்டு. இராசசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலைகள் கற்றவன். பரதம் ஒன்று மட்டும் பாக்கி. சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் அந்தக் குறையைச் சுட்ட, பாண்டியன் ஆடக் கற்கிறான். உடம்பு நோகிறது. அப்போதுதான் வெள்ளியம்பலத்தில் காலங்காலமாக ஒரே காலில் நிற்பவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்ற நினைப்பு வருகிறது. கால் மாற்றி ஆடும்படி வேண்டுகிறான். விடியும்போது கால் மாறியிருக்கிறது. இந்தக் கதையை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அதில் ஒரு செய்தியை மிகத் தாமதமாகத்தான் கவனித்தோம். பாண்டியனுக்கு அந்த இரக்கம் சன்னதியில் நின்று கும்பிட்டபோது வரவில்லை. தானே ஆடிப் பார்த்தபோதுதான் வந்தது.

தெப்பக்குளத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் நாங்கள் நால்வர் சேர்ந்து வளர்ந்தோம். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரே பள்ளியில் படித்தோம். எங்கள் வகுப்பில் ஒருவர் நன்றாக ஆடுவார். 'ஒருவர்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவன் என்று எழுதுவதா, அவள் என்று எழுதுவதா என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்டு விழாவில் வள்ளி திருமணத்தின் ஒரு பகுதியை ஆசிரியர் ஒருவர் சுருக்கி மேடையேற்றினார். வள்ளி வேடம் அவருக்கு. தினைப்புனத்தில் கவண் சுற்றிப் பறவை ஓட்டியபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. எங்கள் தாய்மார்கள் அவரைத் திருஷ்டி கழித்தார்கள். மறு திங்கட்கிழமை அதே நடையோடு அவர் வகுப்புக்குள் வந்தார். மேடையில் கைதட்டிய அதே நடைக்கு, வகுப்பறையில் நாங்கள் ஒரு பெயர் வைத்தோம். அந்தச் சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை. மதுரையில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் அது தெரிந்திருக்கும். பதினோராம் வகுப்பின் பாதியில் அவர் வருவது நின்றுவிட்டது. நாங்கள் தேடவில்லை.

மேடையில் ஆண் பெண்ணாவது இந்த ஊருக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918இல் இங்குதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாலர் சபைகளில் பெண் வேடம் முழுவதும் சிறுவர்களுடையது. அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம், பின்னாளில் கிழவியாக நடித்து 'ஔவை' என்ற பெயரையே அடைமொழியாகப் பெற்றார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்ற வரிசை மாறவில்லை. ஸ்திரீபார்ட்டில் இப்போது பெண்களே நடிக்கிறார்கள். பரதநாட்டியத்துக்கும் இப்படியொரு முன்கதை உண்டு. சதிர் என்று இகழப்பட்ட ஆட்டத்தை மீட்க முனைந்தவர்களில் முதன்மையானவரான வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர், தாமே பெண் வேடமிட்டு மேடைகளில் ஆடிக் காட்டினார். மெலட்டூர் பாகவத மேளாவில் இன்றும் ஆண்களே பெண் பாத்திரங்கள் ஏற்கின்றனர்.

கடல் கடந்தும் இதே கதைதான். ஜப்பானில் கபூகி நாடகத்தைத் தொடங்கியவர் ஒகுனி என்ற பெண். 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. அதன் பிறகு பெண் பாத்திரங்களை ஏற்ற ஆண் நடிகர்கள் 'ஒன்னகாதா' எனப்பட்டனர். அவர்களில் புகழ்பெற்ற யோஷிசாவா அயாமே (1673-1729), பெண் வேடம் ஏற்பவர் அன்றாட வாழ்விலும் பெண்ணைப்போலவே வாழ வேண்டும், இல்லையேல் வேடம் சிறக்காது என்று போதித்தார். ஆனால் அதுவும் மேடைக்காக வாழ்க்கையைப் பழக்குவதுதான். வாழ்க்கைக்காக மேடையைத் தேடிப் போனவர்களின் கதை வேறு.

உலகம் இவ்விடத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்து, வேட்டி கட்டி, பீடி பற்றவைத்து நின்றால் ஸ்திரீபார்ட்காரர் பெரிய கலைஞர். துடைக்க மறுப்பவருக்கு, அல்லது துடைத்தாலும் போகாத ஒன்றைத் தம் உடம்பிலேயே கொண்டிருப்பவருக்கு, அதே கூட்டம் கல்லெடுக்கும். எங்கள் வகுப்புத் தோழர் அந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை. அவர் செய்த குற்றம் அவ்வளவே.

எங்கள் தெப்பக்குளத்துக்கு மிக அருகில்தான் அனுப்பானடி. நர்த்தகி நடராஜ் பிறந்தது அங்கே. ஆணாகப் பிறந்ததாக வீடும் ஊரும் எழுதிக்கொண்ட அந்தக் குழந்தைக்குத் தன்னைப் பற்றிய ஐயம் இருந்ததில்லை, ஐயம் சுற்றியிருந்தவர்களுக்குத்தான். உடன் ஒரு தோழி இருந்தார், சக்தி பாஸ்கர். இருவரும் ஒரேவிதமான பிறவி, ஒரேவிதமான ஆசை. திரையில் வைஜயந்திமாலா ஆடுவதைப் பார்த்து, அந்த ஆட்டத்தைத் தாமாகவே ஆடிப் பழகினார்கள். வைஜயந்திமாலா யாரிடம் கற்றாரோ அவரிடமே கற்க வேண்டும் என்று துணிந்தார்கள். அவர் தஞ்சை கே.பி. கிட்டப்பா பிள்ளை (1913-1999).

அந்தப் பெயரின் கனத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். இன்று நாம் காணும் பரதநாட்டியக் கச்சேரிக்கு அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசை அமைத்தவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். கிட்டப்பா பிள்ளை அந்த மரபில் வந்தவர். யாமினி கிருஷ்ணமூர்த்தி, சுதாராணி ரகுபதி, ஹேமமாலினி ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அப்படிப்பட்டவர் வாசலில், வீட்டாலும் ஊராலும் தள்ளப்பட்ட இரு இளையவர்கள் மதுரையிலிருந்து போய் நின்றார்கள். அவர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஓராண்டு காத்திருப்புக்குப் பிறகே கதவு திறந்தது. திறந்தபின் அது மூடவே இல்லை. 1999இல் அவர் மறையும்வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் குருகுலவாசம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவியாளராகவும் நர்த்தகி பணியாற்றினார்.

'நர்த்தகி' என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. இந்தச் செய்தியில் நாங்கள் நெடுநேரம் நின்றிருக்கிறோம். தமிழ்நாட்டில் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைந்தது 2008இல். தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல். அவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே, நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்து மரபின் கறார்த்தன்மைக்குப் பேர்போன ஒரு முதியவர், பெண்பாற் பெயரொன்றைத் தம் மாணவிக்கு வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கிறார். எங்கள் வகுப்பறையிலும் ஒரு பெயர் வைக்கப்பட்டது. ஒரே காலத்தில், ஒரேவிதமான இரு பிள்ளைகளுக்கு, இரண்டு பெயர்கள். ஒரு பெயர் ஒருவரை மேடைக்கு அனுப்பியது. இன்னொன்று ஒருவரை ஊரைவிட்டே அனுப்பியது.

நர்த்தகியின் ஆட்டத்தைப் பற்றி எழுத எங்களுக்கு நாட்டிய இலக்கண அறிவு போதாது. பார்த்தவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். அவர் பெரிதும் எடுத்தாள்வது நாயகி பாவம். ஆழ்வார்களும் நாயன்மார்களும் தம்மைப் பெண்ணாக வைத்து இறைவனை நோக்கிப் பாடிய மரபு நமக்குத் தெரிந்ததே. நம்மாழ்வார் பராங்குச நாயகியாவதை நாம் தத்துவம் என்று படித்து மதிப்பெண் வாங்கினோம். அதே பாவத்தை நர்த்தகி மேடையில் நிகழ்த்தும்போது அது தத்துவமாக இல்லை. தன்னை ஏற்குமாறு ஒருவர் கேட்கிறார், விடை வரவில்லை, காத்திருக்கிறார். கிட்டப்பா பிள்ளையின் வாசலில் காத்திருந்த அந்த ஓராண்டு அந்தக் கண்களில் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு. அது எங்கள் கற்பனையாகவும் இருக்கலாம்.

2007இல் கலைமாமணி. 2011க்கான சங்கீத நாடக அகாதெமி புரஸ்கார். 2019இல் பத்மஸ்ரீ, அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினரானார். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அவர் வாழ்க்கை இடம்பெற்றது. எங்களில் ஒருவரின் மகள் அந்தப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டதாகப் பின்னர் எங்களிடம் சொன்னார். பதினோராம் வகுப்பு என்பது எங்களுக்கு வேறொருவரின் காலி இருக்கை.

இங்கே ஒரு தயக்கத்தையும் பதிந்தாக வேண்டும். ஒருவரின் வெற்றியை எடுத்து மற்றவர்களை அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிக்னலில் கைநீட்டும் திருநங்கையைப் பார்த்து, "நர்த்தகியைப் போல உழைத்து முன்னேறக் கூடாதா" என்று கேட்பவர்களை நாங்கள் அறிவோம். இருவர் வாழ்விலும் அடிப்படை வேறுபாடு உழைப்பு மட்டுமன்று. ஒரு கதவு திறந்தது, ஒரு கதவு திறக்கவில்லை. பரதம் சபாக்களின் கலை என்பதால் கிடைக்கும் மரியாதை கரகத்துக்குக் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. கோயில் கொடைகளில் கரகம் ஆடும் திருநங்கையர் விடியற்காலையில் பத்திரமாக வீடு திரும்பினார்களா என்று எந்த விழாக் கமிட்டியும் கேட்பதில்லை. ரேவதியின் 'உணர்வும் உருவமும்' 2005இலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' 2007இலும் வெளிவந்தன. அவற்றை வாசித்தபோதுதான் எங்கள் வகுப்புத் தோழர் போயிருக்கக்கூடிய சாலைகளை நாங்கள் முதன்முதலாக எண்ணிப் பார்த்தோம். மதுரையிலிருந்தே இயங்கி வரும் பிரியா பாபு போன்றோர் எழுதியதும் சேகரித்ததும் அந்த எண்ணத்துக்கு உரமாயின.

சொல்லாமல் விட்ட ஒன்று மீதியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத் திருவிழாவுக்கு எங்களில் ஒருவர் உறவினர் வீட்டுக்காகப் போயிருந்தார். கரகாட்டக் குழுவில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். அந்த நடை. கவண் சுற்றுவதுபோல் கையை வீசித் திரும்பும் அந்த அசைவு. ஆட்டம் முடிந்து அவர் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் நண்பர் பத்தடி தூரத்தில் நின்றார். உறவினர்கள் பார்ப்பார்களே என்று தயங்கினார். தயக்கம் தீருமுன் குழுவின் வேன் கிளம்பிவிட்டது. இதை அவர் எங்களிடம் சொல்லவே நான்கு ஆண்டுகள் ஆயின. நாங்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நாங்களும் அந்தப் பத்தடியைக் கடந்திருக்க மாட்டோம்.

நர்த்தகி தம் நடனப் பள்ளிக்கு வைத்திருக்கும் பெயர் வெள்ளியம்பலம். மதுரையில் பிறந்தவர் வேறென்ன பெயர் வைப்பார் என்று எளிதாகக் கடந்துபோனோம் முதலில். இப்போது அந்தச் சன்னதியில் நிற்கும்போதெல்லாம் பாண்டியன் நினைவுக்கு வருகிறான். அவன் வேண்டினான், கால் மாறியது. நாங்கள் இருவேளையும் கும்பிட்டும், ஒருவர் எத்தனை காலம் ஒற்றைக் காலில் நின்றார் என்பதைக் கவனிக்கவே இல்லை.

வரும் பங்குனியில் நாங்கள் நால்வரும் மேலூர்ப் பக்கம் போவதாக இருக்கிறோம். கரகாட்டக் குழுக்களை ஒப்பந்தம் செய்யும் ஒருவரின் அறிமுகம் கிடைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. காண்போமா, கண்டாலும் அவர் எங்களோடு பேச விரும்புவாரா என்பதெல்லாம் அவர் முடிவு. பேச இசைந்தால், முதலில் அவர் இப்போது வைத்துக்கொண்டிருக்கும் பெயரைக் கேட்க வேண்டும்.