தெரியவில்லை என்று சொல்லும் அடுப்பு

விறகடுப்பு எரிந்த நாள்களில் அடுப்பின் மொழி அறியாத பெண்கள் நம் வீடுகளில் இல்லை. புகை கண்ணைக் கரித்தால் விறகில் ஈரம் என்று அறிந்தார்கள்; சாம்பல் மூடிய தணலின் சூட்டைப் புறங்கையை நீட்டியே அளந்தார்கள். பின்னர் எரிவாயு அடுப்பு வந்தது. நீலச் சுவாலை மஞ்சளாக மாறினால் பர்னரில் அடைப்பு என்று அதன் மொழியையும் கற்றுக்கொண்டோம். இப்போது பல இல்லங்களில் மின்சார ஓவன் ஒன்று மூலையில் அமர்ந்திருக்கிறது. அதற்குப் புகையும் இல்லை, சுவாலையும் இல்லை. உடல் நலம் குன்றினால் மும்முறை கூவிவிட்டு, நெற்றியில் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் மினுக்குகிறது. அந்தச் சின்னக் குறியின் முன்னே நன்கு படித்தவர்களும் கைகட்டி நின்றுவிடுகிறார்கள்.

1967இல் அமெரிக்க வீடுகளுக்கு மேசைமேல் வைக்கத்தக்க மைக்ரோவேவ் அடுப்பு வந்தபோது அதில் இருந்தவை திருகுகளே. திருகு பேசாது. 1970களில் நுண்செயலி உள்ளே புகுந்த பின்னர்தான், அடுப்பு தன்னைத் தானே சோதித்து, கண்டதை வெளியே சொல்லும் ஆற்றலைப் பெற்றது. ஆனால் சொல்வதற்கு அதற்குக் கிடைத்த வாய் மிகச் சிறியது. பெரும்பாலான ஓவன்களில் ஒவ்வோர் இலக்கமும் ஏழே ஏழு ஒளிக்கோடுகளால் ஆனது. 8 என்று எழுத ஏழு கோடுகளும் ஒளிர வேண்டும். 1 என்று எழுத இரண்டு போதும். இந்த ஏழு கோடுகளைக் கொண்டு ஆங்கில எழுத்துகளில் கே, எம், டபிள்யூ, எக்ஸ் ஆகியவற்றைத் தெளிவாக எழுத முடியாது. ஈ, எஃப் இரண்டையும் எளிதாக எழுதலாம். எர்ரர், ஃபால்ட் என்னும் சொற்களின் முதலெழுத்துகளாகவும் அவை வாய்த்துவிட்டன. ஆகவேதான் ஓவனின் முறையீடு பெரும்பாலும் இவ்விரு எழுத்துகளில் ஒன்றைக் கொண்டு தொடங்குகிறது.

அது என்ன முறையிடுகிறது? கதவின் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட சுவிட்சுகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் ஒரு குறி. விசைப்பலகையில் ஈரம் இறங்கி ஒரு விசை அழுந்தியபடியே நின்றுவிட்டால் மற்றொரு குறி. உள்ளே சூடு வரம்பு மீறினால் வேறொன்று. வெப்ப உணரியிடமிருந்து நம்பத்தக்க பதில் வராவிட்டால் இன்னொன்று. இவற்றுக்கு உலகப் பொதுவான அகராதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் எஃப் 3 வேறு. மற்றொன்றின் எஃப் 3 வேறு. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கிடையேகூடப் பொருள் மாறலாம். குறியோடு மாதிரி எண்ணையும் சேர்த்தால்தான் பொருள் பிறக்கும்.

இவற்றையெல்லாம் நாங்கள் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் எங்கள் தமக்கையார். பாளையங்கோட்டையில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். வீட்டிலேயே கேக் செய்து விற்று, பிள்ளைகளின் கையை எதிர்பாராமல் வாழ்பவர். அவருடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி டிசம்பர் மாதத்தில்தான் கைக்கு வரும். அப்படியொரு டிசம்பர் 20ஆம் நாள், 23 கேக்குகளுக்கு முன்பணம் வாங்கி, திராட்சையும் முந்திரியும் ஊறிக்கொண்டிருக்கையில், அவருடைய கன்வெக்‌ஷன் ஓவன் சூடேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் கூவிற்று. எஃப் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டி நின்றுவிட்டது.

செய்தி அறிந்து உடன்பிறந்தோர் நாங்கள் அங்கே கூடினோம். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். குறியை ஒரு முறை பார்த்தார்; ஓவனைத் தொடக்கூட இல்லை. “போர்டு போய்விட்டது அம்மா. புதிது போட வேண்டும்” என்றார். அவர் சொன்ன தொகை புதிய ஓவன் விலையில் பாதியைத் தாண்டிற்று. அந்த மாத வருமானம் முழுவதும் அதற்கே போய்விடும். பலகை வந்து சேர பத்து நாள் ஆகும் என்றும் சொன்னார். அப்படியானால் பண்டிகையும் கடந்துவிடும். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆண்டுதோறும் தேடி வருகிறவர்கள் வேறு வீடு தேடிப் போவார்கள்.

தமக்கையார் கேட்டது ஒன்றுதான்: “அளந்து பார்த்தீர்களா, தம்பி?”

“இதில் அளக்க என்னம்மா இருக்கிறது? பார்த்தாலே தெரிகிறதே” என்றார் அவர்.

“அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கக் கூடாது என்றுதான் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்” என்று கூறி, வந்த கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்.

பிறகு பீரோவைத் திறந்தார். குடும்ப அட்டையும் வீட்டு வரி ரசீதுகளும் இருந்த அதே உறையிலிருந்து ஓவனின் கையேட்டை எடுத்தார். கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருந்தது. அந்தக் குறிக்கு நேரே எழுதியிருந்ததன் பொருள் இவ்வளவே: வெப்ப உணரியின் மின்சுற்றுத் திறந்திருக்கிறது. பலகை பழுது என்றும் அங்கே இல்லை. உணரி பழுது என்றும் இல்லை.

இந்த வாசகத்தின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள, உணரி எப்படி வேலை செய்கிறது என்று அறிவது உதவும். அது தன் மின்தடையின் மாற்றத்தால் வெப்பத்தைத் தெரிவிக்கிறது. பெரிய மின் ஓவன்கள் பலவற்றில் பிளாட்டின உணரி உண்டு. அதில் ஒரு வகை 0 டிகிரி செல்சியசில் 1000 ஓம் காட்டும். 100 டிகிரியில் ஏறத்தாழ 1385 ஓம் காட்டும். சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். தமக்கையாரின் ஓவனில் இருந்தது தெர்மிஸ்டர் என்னும் மற்றொரு வகை. அதில் சூடு ஏற ஏறத் தடை இறங்கும். குளிரக் குளிரத் தடை கூடும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்த உணரியின் கம்பி எங்கோ அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகிவிடும். பலகைக்கு எட்டும் செய்தி, “உள்ளே கடுங்குளிர்” என்பதே. அதை அப்படியே நம்புகிற அடுப்பு என்ன செய்யும்? இன்னும் சூடு, இன்னும் சூடு என்று எரித்துக்கொண்டே போகும். கடைசிக் காவலாகத் தனியே ஒரு வெப்பத் துண்டிப்பான் இருந்தாலும், அதற்குள் கேக் கரிந்திருக்கும். அவ்வாறு நேராதபடி, “இவ்வளவு குளிர் இருக்க முடியாது; எனக்கு வரும் செய்தியை நான் நம்புவதற்கில்லை; உள்ளே எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியவில்லை” என்று ஒப்புக்கொண்டு அது நின்றுவிடுகிறது. அந்த ஒப்புதலுக்குப் பெயர்தான் பிழைக்குறி. குறியைக் காட்டிய கணத்தில் ஓவன் தன் கடமையில் தவறவில்லை, கடமையைச் செய்துகொண்டிருந்தது.

மறுநாள், பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துத் தொழில் கற்ற முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். தமக்கையார் குறியையும் கையேட்டையும் காட்டினார். “திறந்து பார்க்காமல் எனக்குத் தெரியாது அம்மா” என்பதே அவருடைய முதல் சொல். ஓவன் சொன்னதையே அவரும் சொன்னதைக் கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மின் இணைப்பை நீக்கினார். உள்ளிருந்த மின்தேக்கியின் மின்னேற்றத்தை முறைப்படி இறக்கினார். பிறகே மல்டிமீட்டரை எடுத்தார். உணரியை அளந்தார், நலமாயிருந்தது. அதிலிருந்து பலகைக்குச் செல்லும் கம்பியை அளந்தார், தொடர்பில்லை. கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனவர் பின்பக்க மூலையில் நின்றார். எலி கடித்திருந்தது. வெப்பம் தாங்கும் கம்பியில் ஒரு சாண் அளவு வெட்டி இணைத்தார். பின்புறத்து இடைவெளிக்கு வலை அடிக்கச் சொன்னார். அவர் பெற்றுக்கொண்ட தொகை ஒரு கேக்கின் விலைக்கும் குறைவு. 23 கேக்குகளும் 24ஆம் நாள் மாலைக்குள் உரியவர்களின் வீடு சேர்ந்தன.

இந்த அனுபவத்தின் பின் எங்கள் குடும்பத்தில் சில வழக்கங்கள் நிலைபெற்றன. குறி தோன்றியதும் அதை அப்படியே எழுதிக்கொள்கிறோம். மின்சாரத்தை நிறுத்தினால் அது மறைந்துவிடும் அல்லவா? கருகல் நாற்றமோ புகையோ இல்லையென்றால், பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் இணைத்துப் பார்க்கிறோம். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வந்த குழப்பமானால் அது பெரும்பாலும் அத்துடன் தீரும். குறி திரும்பி வந்தால் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு கையேட்டைப் பார்க்கிறோம். கையேடு தொலைந்திருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுகிறோம். குறிபோலத் தோன்றுவதெல்லாம் பழுதும் அல்ல. குழந்தைகள் கைபடாதிருக்கப் பூட்டிய பூட்டின் அடையாளமாகவும் அது இருக்கலாம். ஆனால் மூடியைக் கழற்றும் வேலையை நாங்கள் செய்வதில்லை. மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே 2000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அதை இறக்கத் தெரிந்தவருக்கே அந்த வாசல் திறக்கட்டும்.

குறி என்பது சாட்சி, தீர்ப்பு அன்று. சாட்சி தான் கண்டதைச் சொல்கிறது. குற்றவாளி யார் என்று சொல்வதில்லை. கண்ட குறியிலிருந்து காணாத காரணத்துக்கு ஒரே தாவலில் போய்விடுகிறவர்களால்தான் ஏழை வீடுகளில் பணம் கரைகிறது. அடுப்புக்கு மட்டுமா இது? காய்ச்சல் ஒரு குறி. பிள்ளையின் திடீர் மௌனம் ஒரு குறி. முதியவர் தட்டை ஒதுக்கி வைப்பது ஒரு குறி. “பிடிவாதம்”, “திமிர்”, “வயதாகிவிட்டது” என்று பார்த்த மாத்திரத்தில் போர்டு போய்விட்டதாகத் தீர்ப்பெழுதுகிறோம். எங்கோ ஒரு சாண் கம்பி அறுந்திருப்பதைத் தடவிப் பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்பவர்களை நாம் அவ்வளவாக மதிப்பதில்லை. உடனே விடை சொல்பவரையே வல்லவர் என்கிறோம். எங்கள் தமக்கையாரோ, நின்றுபோன அடுப்பையும் “தெரியாது” என்ற முதியவரையும் நம்பினார். எல்லாம் தெரிந்த ஒருவரைத்தான் திருப்பி அனுப்பினார்.