எருமை ஏறிய வீரன்

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு நாட்டில் இல்லாத வீரர்களாய் உலவிவரும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பெயரில் அதனை நூலாக்கி வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவார்கள். வாலி வேடம் கட்டியவன் விடியும்வரை வாலியாகவே பேசும் நம் கூத்துக்கும் இதற்கும் உறவு அதிகம். கூத்தில் வாலி சாவான் என்பது ஊருக்கே தெரியும். இங்கே யார் சாவார் என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். வேற்றுமை அவ்வளவுதான்.

இவ்விளையாட்டில் வீரனுக்கு ஊர்தி வேண்டும். அதற்கு விலைப்பட்டியலே உண்டு. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பைப் புரட்டினால் கழுதைக்கு 8 பொன், ஒட்டகத்துக்கு 50, யானைக்கு 200, போர்க்குதிரைக்கு 400 என்று விலை போட்டிருக்கிறது. குதிரையை விட யானை பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதைப் படிக்கும் தமிழனுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் எண்ணிப் பார்த்தால் அக்கணக்கு நம் முன்னோருக்குப் புதியதன்று. யானை நம் காட்டில் பிறந்தது. குதிரையோ கடல் கடந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கலத்தில் வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர் பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகளை வரவழைத்ததையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவை மாண்டதையும் எழுதி வைத்தார். இன்று எவரும் கேளாமலே வீரனுக்குக் குதிரையைக் கொடுத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் குதிரைதான் விந்தையான ஊர்தி.

நூலில் மற்றொரு விதியும் இருக்கிறது. ஏறுபவனை விட ஊர்தி ஓர் அளவேனும் பெரிதாயிருத்தல் வேண்டும். இவ்விதிப்படி பார்த்தால் பிள்ளையாருக்கு மூஞ்சூறு கிடையாது! சனிக்குக் காகமும் மன்மதனுக்குக் கிளியும் இல்லை. குபேரனின் ஊர்தியோ ஒரு மனிதன்; அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? நம்மவர் ஊர்தியைத் தேர்ந்த முறையே வேறு. சுமக்க வல்லதா என்று அவர்கள் பார்க்கவில்லை. சூரபதுமன் இரு கூறாகி ஒரு கூறு மயிலாயிற்று, பகைவனே ஊர்தியானான். கயிலையைப் பெயர்க்க முயன்ற இராவணனைச் செய்து, அவன் மீது சிவபெருமானை எழுந்தருளச் செய்யும் வாகனம் பல சிவாலயங்களில் இன்றும் திருவிழாவில் வீதிவலம் வருகிறது. ஒரே ஊர்தி என்ற பிடிவாதமும் நம்மிடம் இல்லை. பத்து நாள் விழாவில் ஒரே தெய்வம் ஒருநாள் அன்னத்திலும் ஒருநாள் யாளியிலும் ஒருநாள் குதிரையிலும் வரும். மயிலேறும் முருகனுக்குச் சுவாமிமலையிலும் திருத்தணியிலும் எதிரே நிற்பது யானை. சங்க நூல்கள் அவனுக்குரியதாகச் சொல்லும் பிணிமுகம் என்னும் ஊர்தியை யானை என்று உரைப்பாரும் மயில் என்று உரைப்பாரும் உளர்.

இவ்வளவும் டெங்கிலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழும் கல்லூரி மாணவன் ஒருவனின் தேர்வைச் சொல்வதற்காக வந்த பேச்சு.

வாரம் ஒருமுறை அவனும் நண்பர் மூவரும் கூடி இவ்விளையாட்டை ஆடினர். கதை நடத்தியவன் ஒரு சீன நண்பன். மூவரும் ஊர்தி வாங்க வேண்டிய நாள் வந்தது. ஒருவன் போர்க்குதிரை கேட்டான். ஒருவன் பெருநாய் கேட்டான். இவன் எருமை கேட்டான். பட்டியலில் எருமை இல்லை. லாவோட்சு எருமைமேல் அமர்ந்து மேற்கே போன ஓவியத்தைத் தன் வீட்டுச் சுவரில் கண்டு வளர்ந்த கதை நடத்துநன் அதிகம் தயங்கவில்லை. நெகிரி செம்பிலானிலிருந்து வந்த மலாய் நண்பனோ உற்சாகமாகிவிட்டான். பகைவரின் மாபெரும் எருமைக்கு எதிரே, பால் குடியாது பசித்திருந்த கன்றின் மூக்கில் இரும்பு முனையைக் கட்டி விட்டு மினாங்கபாவ் மக்கள் வென்ற கதை அவன் குலத்தின் கதை. அவர்கள் வீட்டுக் கூரை இரு முனையும் கொம்பாய் வளைந்திருப்பது அதன் நினைவாகத்தான் என்பார்கள். பிரேசிலின் மராஜோ தீவில் காவலர்கள் எருமை மேலேறி ரோந்து போகிறார்கள் என்பதையும் அவர்கள் தேடி அறிந்தனர். மேசையில் எருமைக்கு எதிர்ப்பில்லை.

எதிர்ப்பு வீட்டில் இருந்தது.

"எமன் ஏறுற மாட்டுலயா நீ ஏறப்போற? வேற மாடே கெடைக்கலியா ஐயா உனக்கு?" என்றாள் பாட்டி. பொய் விளையாட்டு, தாளில் எழுதும் எருமை என்று அவன் விளக்கினான். "எழுதுனா மட்டும்? பேரச் சொன்னாலே வரும்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது, சரியாகாது. எருமையை நாம் நடத்திய விதம் விந்தையானது. மருத நிலத்துக்குரிய விலங்காக இலக்கணம் அதனைப் போற்றியது. நீலகிரித் தோடர்கள் அதனைத் தெய்வத்துக்கு நிகராக வைத்தனர். அதே எருமையின் தலையைக் கொற்றவையின் காலடியில் வைத்தோம். அதன் முதுகில் கூற்றுவனை ஏற்றினோம். சோம்பேறிப் பிள்ளையை வைய அதன் பெயரை எடுத்தோம். பாலை மட்டும் கூசாமல் குடித்தோம். கூற்றுவனுக்கு ஏன் எருமை? விரைந்து வரும் குதிரையைக் கொடுத்திருக்கலாமே. அவசரமில்லாமல் வந்தும் தவறாமல் சேர்ந்துவிடுபவனுக்கு எருமையின் நடைதான் பொருந்தும் என்று எவனோ ஓர் உழவன் கண்டிருக்க வேண்டும்.

பாட்டி எருமையை அறியாதவள் அல்லள். புத்ராஜெயா நகரம் எழுவதற்காக 1990களில் பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் பெயர்ந்து டெங்கிலுக்கு வந்தனர். அவ்வாறு வந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அதிகாலையில் பால்மரம் சீவி, பகலில் புல்லறுத்து, லயத்துக்குப் பின்னால் இரண்டு பசுவும் ஓர் எருமையும் வளர்த்தவள். பாலை விற்ற காசு, சம்பளம் எட்டாத இடத்தையெல்லாம் எட்டியது. அடுக்குமாடியில் மனிதர்க்கு இடமிருந்தது, மாட்டுக்கு இல்லை. பேரனுக்கு இதெல்லாம் ஒரு வரிச் செய்தியாக மட்டுமே தெரியும். 'மாடெல்லாம் வித்துட்டோம்' என்பதற்கு மேல் வீட்டில் எவரும் பேசியதில்லை.

இரண்டு நாள் கழித்து, கேளாமலே அவள் பேசினாள். எருமையின் பெயர் கருப்பாயி. பசுக்கள் இரண்டும் வாங்க வந்தவன் கயிற்றைப் பிடித்ததும் போய்விட்டன. கருப்பாயி லோரியின் பலகையில் கால் வைக்க மறுத்தாள். இருவர் தள்ளினர், ஒருவன் வாலை முறுக்கினான். அசையவில்லை. கடைசியில் பாட்டி சேலையைச் செருகிக்கொண்டு தானே பலகையில் ஏறி லோரிக்குள் போய் நின்றாள். பின்னாலேயே கருப்பாயி ஏறினாள். பாட்டி மட்டும் இறங்கினாள்.

"நான் ஏறுனேன்னுதான் அது ஏறிச்சு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எமனைப் பற்றியும் பேசவில்லை.

சற்று நேரம் கழித்து, "உன் மாட்ட வெயில்ல நிறுத்தாத. அதுக்கு வேர்க்காது. தண்ணி வேணும்" என்றாள்.

இது முற்றிலும் உண்மை. எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுத்த தோல் வெயிலை வாங்கும். ஆகவே நீரிலோ சேற்றிலோ கிடந்துதான் உடலைத் தணிக்கும். நம்மவர் சோம்பல் என்று வைதது அதன் மருத்துவத்தை. அவன் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் மேசையில் வைத்தான். நண்பர்கள் கலந்து பேசி விதி வகுத்தனர்: எருமை விரைந்து ஓடாது, உச்சிப்பொழுதில் நீர் காட்டாவிட்டால் தளர்ந்துவிடும், சதுப்பும் சேறும் அதற்குச் சமநிலம். பெயர் என்ன என்று கேட்டார்கள். கருப்பாயி என்று எழுதினான்.

குதிரைக்காரனுக்கு இந்த ஏற்பாடு சலிப்பாயிருந்தது. எருமைக்காக நடுப்பகலில் படை நிற்க வேண்டியிருந்தது. அவன் குறைப்பட்டதில் நியாயம் இருந்தது. ஊர்தி என்பது ஒருவனின் விருப்பம் மட்டுமன்று, கூட வருபவரின் வேகமும் அதில் அடங்கும். ஆனால் விலைப்பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய அவன் குதிரை தின்றதா, குடித்ததா, அதற்குப் பெயருண்டா என்று அந்நாள்வரை ஒருவரும் கேட்டதில்லை. எருமை வந்த பிறகே குதிரைக்கும் தண்ணீர் காட்டும் வழக்கம் அந்த மேசையில் உண்டாயிற்று.

மூன்றாம் வாரம் கதை ஒரு குகைக்குள் இறங்கியது. வாயில் குறுகலானது, எருமை நுழையாது. குதிரையைக் கட்டிப் போட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே போகத் துணிந்தனர். இவன் மட்டும் வெளியே நின்றுவிட்டான். விற்றுவிடு, திரும்பி வரும்போது வேறொன்று வாங்கலாம் என்றான் ஒருவன் விளையாட்டாய். இவன் விளையாட்டாய் எடுத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் கதை நகரவில்லை. பின்னர் கதை நடத்துநன் குகைக்கருகே ஒரு சுனை இருப்பதாகச் சொல்லி வைத்தான். அதனருகே எருமையை விட்டுவிட்டு, கடைசி ஆளாக அவன் உள்ளே போனான்.

இரவு வீடு திரும்பியபோது பாட்டி விழித்திருந்தாள்.

"மாடு எங்க?"

"வெளிய, தண்ணிக்கிட்ட கட்டிட்டு வந்திருக்கேன் பாட்டி."

"கட்டுனியா?" என்று எழுந்து உட்கார்ந்தாள். "எதுக்குக் கட்டுன? போய் அவுத்து விட்டுட்டு வரச் சொல்லு. அது எங்கயும் போவாது."

அவன் கைப்பேசியை எடுத்து, கதை நடத்துநனுக்கு அந்த ஒரு செய்தியை அனுப்பினான்.