ஒரு சாண் இடமும் ஒரு பழைய தோட்டாவும்

நமீபியாவின் வேட்டைப் பண்ணைகளில் ஒரு தோட்டாவைப் பற்றிய நேர்மையான தீர்ப்பு தோல் உரிக்கும் கொட்டகையில் கிடைக்கிறது. சுட்டவர் தூரத்தையும் வேகத்தையும் பேசுவார். கத்தியோடு நிற்பவரோ முன்னந்தொடையைத் திறந்து, குண்டு எந்த வழியாகப் போயிற்று, நுரையீரலைத் துளைத்ததா, எவ்வளவு கறி ரத்தம் கட்டி வீணாயிற்று என்று பார்த்துச் சொல்வார். அவருக்கு முன்பே தடம் பார்ப்பவர் தன் பங்கைப் படித்து முடித்திருப்பார். புல்லில் நுரைத்த சிவப்பு ரத்தம் கிடந்தால் குண்டு நுரையீரலில் பட்டிருக்கிறது. கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சைக் கலங்கல் என்றால் வயிறு, அன்று பொழுதெல்லாம் நடக்க வேண்டியிருக்கும். இந்த இரு தொழிலாளர்களின் வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. ஆப்பிரிக்கப் புல்வெளி மான்களை வேட்டையாட, 130 ஆண்டுகளைக் கடந்த 7×57 மவுசர் தோட்டா இன்றும் சரியான அளவு. அதைவிடப் பெரியவை சுடுபவருக்குத் தைரியம் தருகின்றன. விலங்குக்கோ தொழிலாளிக்கோ பெரிதாக எதுவும் தருவதில்லை.

1892-ல் ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் உருவாக்கிய இந்தத் தோட்டாவை அடுத்த ஆண்டே ஸ்பெயின் தன் படைக்கு எடுத்துக்கொண்டது. பித்தளைக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். முதல் வடிவத்தில் 11.2 கிராம் எடையுள்ள, மூக்கு மழுங்கிய நீண்ட குண்டு நொடிக்குச் சுமார் 700 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுக் கிளம்பியது. தென்னாப்பிரிக்கப் பகுதியில் இருந்த டிரான்ஸ்வால் அரசு இந்தத் தோட்டாவுக்கான மவுசர் துப்பாக்கிகளை 30,000-க்கும் மேல் வாங்கியது. 1899-ல் பிரிட்டனுக்கு எதிராகத் தொடங்கிய போரில் போயர் விவசாயிகளின் கையில் இருந்தவை அவையே. பிரிட்டனில் ரிக்பி நிறுவனம் இதே தோட்டாவுக்கான துப்பாக்கியை .275 என்ற பெயரில் விற்றது. இந்தியாவில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது அந்த ரிக்பிதான். இதன் வலிமை குண்டின் உடல்வாகில் இருக்கிறது. பருமனுக்கு மிஞ்சிய நீளமும் கனமும் உள்ள குண்டு மிதமான வேகத்தில் போனால், சிதறாமல், திசை மாறாமல் ஆழமாக இறங்கும்.

நமீபியச் சட்டம் இந்த விஷயத்தில் எண்களில் பேசுகிறது. குழல்முனையில் ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மானுக்குக் குறைந்தது 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட் போன்றவற்றுக்கு 2,700 ஜூல், காட்டெருமைக்கும் யானைக்கும் 5,400 ஜூல் வேண்டும். பழைய 7×57-ன் எடையையும் வேகத்தையும் கொண்டு கணக்கிட்டால் சுமார் 2,740 ஜூல் வருகிறது. 2,700 என்ற வரம்பை ஒட்டித் தாண்டிவிடுகிறது. இன்றைய ஆலைகளின் 9 கிராம் குண்டுத் தோட்டாக்கள் 2,900 ஜூல் அளவுக்குப் போகின்றன. 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் ஏறத்தாழ 4,700 ஜூல் தருகிறது. இந்த எண்களை வரிசைப்படுத்திப் பெரியதே சிறந்தது என்று முடிவு செய்வது எளிது. ஆனால் பெரும்பாலும் இதயமோ நுரையீரலோ கிழிந்து, மூளைக்கு ரத்தம் போவது நின்றால்தான் மான் விழுகிறது. வயிற்றில் பட்ட 4,700 ஜூலால் அது நடக்காது. நுரையீரல் இரண்டையும் துளைத்த 2,700 ஜூலால் சில நொடிகளில் நடந்துவிடும்.

ஆகவே கேள்வி இடத்தைப் பற்றியது. வளர்ந்த ஆண் குடு 200 கிலோவுக்கு மேல் எடையிருந்தாலும், குண்டு சேர வேண்டிய இடம் ஒரு சாண் அகலம்தான். ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் முன்னங்கால்களுக்கு நடுவில், தாழ்வாக இருக்கின்றன. வில்டபீஸ்டின் உயர்ந்த தோளும் பிடரிமயிரும் கண்ணை ஏமாற்றி மேலே சுட வைக்கும். ஜெம்ஸ்பாக்கின் தோள் திமிலும் அப்படித்தான். முன்னங்கால் கோட்டிலேயே, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவைக்கச் சொல்வது அதனால்தான். மூன்று கால் தாங்கியின் மேல், இளைத்த மூச்சோடு, சில நொடி அவகாசத்தில் அந்த இடத்தைத் தொடும் வித்தை பழக்கத்தால் மட்டுமே வரும். 7×57-ன் பின்னுதை, அதே எடையுள்ள மேக்னம் துப்பாக்கியின் பின்னுதையில் ஏறத்தாழ பாதிதான். தோள் வலிக்காத துப்பாக்கியால் மனிதர் நிறையப் பழகுவார். உதைக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணைச் சுருக்குவார், குழல் அசையும். அந்த அசைவுக்கு விலை கொடுப்பது மான்.

தூரத்தை வைத்து எழும் மறுப்பு நியாயமானது. கலஹாரியின் திறந்த வெளியில் காற்று ஓயாது. 300 மீட்டரில் நிற்கும் மானுக்கு இந்த மெதுவான குண்டு வளைந்து இறங்கும், காற்றில் ஒதுங்கும். உண்மை. ஆனால் வேகமான குண்டுக்கும் பறக்க நேரம் வேண்டும். அதற்குள் மான் ஓர் அடி வைத்தால் நுரையீரல் இருந்த இடத்தில் வயிறு வந்து நிற்கும். தூரத்தைக் குறைப்பதே உறுதியான வழி, அதற்குத்தான் தடம் பார்ப்பவர் இருக்கிறார். சாம்பல் பையைத் தட்டிக் காற்றின் திசை பார்ப்பதும், குளம்புத்தடத்தின் மேல் பூச்சி ஊர்ந்த கோட்டைக் கொண்டு அதன் வயதைச் சொல்வதும், புதரை மறைவாக்கி 150 மீட்டருக்குள் கொண்டுபோய் நிறுத்துவதும் அவர் கலை. நெடுந்தூரத் துப்பாக்கி இந்தக் கலையைத் தேவையற்றதாக்குகிறது. குறி தவறினால் மட்டும், காயம்பட்ட மானின் பின்னால் வெயிலில் நடக்க அவரையே அழைக்கிறது. இந்தப் பங்கீடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

என் கருத்து பழமை மோகம் என்றும் சொல்லலாம். யானை வேட்டைக்காரர் ‘கரமோஜோ’ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவற்றை 7×57-ஆல் கொன்றதை எடுத்துக்காட்டி, இந்தத் தோட்டாவுக்கு எல்லையே இல்லை என்று பேசுவோர் உண்டு. நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் படித்தவர். அவர் கையில் கூடியது எல்லோருக்கும் கூடாது, காட்டெருமைக்கும் யானைக்கும் சட்டம் அதை விலக்கியதும் சரியே. 900 கிலோவரை வளரும் ஈலாண்டுக்குச் சட்டம் இடம் கொடுத்தாலும், கனமான, உறுதியான குண்டும் கிட்ட தூரமும் கட்டாயம். படைக்கான முழு உறைக் குண்டும் மானுக்கு ஆகாது. உடலுக்குள் விரியும் குண்டு வேண்டும். 1948-ல் வந்த நோஸ்லர் பார்டிஷன் போன்ற, உடைந்து சிதறாத குண்டுகள் இந்தப் பழைய கூட்டுக்குப் புதிய பலம் தந்தன. ஆலைகளும் மிதமான அளவுக்கே திரும்பியிருக்கின்றன: 1980-ல் வந்த 7 எம்.எம்.-08 ஏறத்தாழ இதன் பலனையே தருகிறது, 2007-ல் வந்த 6.5 கிரீட்மூரும் அதே மிதமான வேகம், நீண்ட குண்டு என்ற கணக்கில்தான் அமைந்தது. அவற்றில் ஒன்றை எடுப்பவரோடு எனக்கு வழக்கில்லை.

வேட்டையே வேண்டாம் என்பவரின் மறுப்பு இவையெல்லாவற்றையும்விடக் கனமானது. அவருக்குச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: இன்றைய நமீபியாவில் 1967-லும் 1975-லும் இயற்றப்பட்ட சட்டங்கள் பண்ணையாளருக்குக் காட்டுவிலங்கின் மேல் உரிமை தந்தன. 1996-ன் திருத்தம் அதைப் பொதுநிலக் குடிகளுக்கும் விரித்தது. ஜுஹோன்சி மக்களின் நையே நையே காப்பகம் 1998-ல் பதிவானது அதனால்தான். மானுக்கு விலை கிடைத்ததும் மாட்டுப் பண்ணைகள் பலவற்றில் மான் திரும்பியது. கறி ஊராருக்குப் பங்காகிறது. இந்தப் பயன் ஒரு விலங்கின் வலியை நியாயப்படுத்தாது என்பவரிடம் எனக்கு முழு விடை இல்லை. ஆனால் வேட்டை நடக்கும்வரை, அந்த வலியைக் குறைக்கும் கடமை துப்பாக்கி ஏந்துபவருடையது. அவர் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, இது எவ்வளவு தூரம் போகும் என்பதில்லை. எத்தனை மீட்டர்வரை இதை அந்த ஒரு சாண் இடத்தில் தவறாமல் சேர்க்க என்னால் முடியும் என்பதே. அந்த எண்ணைத் தடம் பார்ப்பவரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிட்டால், மீதி தூரத்தைக் கடக்கும் பொறுப்பை அவர் தன் கலையால் ஏற்பார். அப்படிப்பட்ட வேட்டைக்கு 1892-ன் தோட்டா போதும்.