தொடங்கியவர் இல்லாத மூன்றாண்டுகள்

எங்களில் சிலர் அண்மையில்தான் முதன்முறையாக ஒரு பணிக்குழுவுக்குப் பொறுப்பேற்றோம். நேற்றுவரை உடன் தேநீர் அருந்திய நண்பர்கள் இன்று எங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்நிலையில் நாங்கள் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது ஜவ்வாது மலையின் காவலூரை.

வைணு பாப்பு 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானபோது அவருக்கு வயது முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை. அது சூரியனை ஆராய்வதற்குப் பேர்பெற்ற இடம். விண்மீன்களைக் காண இருண்ட, தெளிந்த இரவுகளைத் தேடியவர் காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட 1977 மார்ச் 10ஆம் நாள் நோக்கலில் காவலூருக்கும் பங்குண்டு.

அடுத்து, 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்க முனைந்தார். அது நிறைவுறுமுன், 1982 ஆகஸ்ட் 19இல் மறைந்தார். பட்டாச்சார்யா இயக்குநரானார், ஆடி தீட்டியவர்களும் பொறியாளர்களும் பணியைத் தொடர்ந்தனர். 1986 ஜனவரி 6இல் அத்தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

நாம் இல்லாவிடில் எத்தனை வேலை நின்றுபோகும் என்பதைக் கொண்டு நம் மதிப்பை அளந்துகொள்வது எளிது. தொடங்கியவர் இல்லாத மூன்றாண்டுகளிலும் வேலை நடந்தது என்பதே பாப்புவின் தலைமைக்குச் சான்றாக எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே, கடினமான வேலையைக் கற்கவேண்டியவரிடம் கொடுத்துவிட்டு அருகில் அமர்கிறோம். கெடு நெருங்கும் நாள்களில் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆயினும் கொடுக்கிறோம்.