13 பேருக்கு 4,000 ரூபாயில் கிறிஸ்மஸ் விருந்து



கிறிஸ்மஸ் முடிந்து மூன்று நாள் ஆகிறது. போனில் வாழ்த்துச் சொன்ன பிள்ளைகளிடம், "இந்த வருஷம் 13 பேருக்கு 4,000 ரூபாயில் விருந்தை முடிச்சிட்டேன்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். "கணக்கை எழுதுங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டார்கள். உங்களிடம் அத்தனை வருஷம் "ஸ்டெப் எங்கே?" என்று கேட்டு மார்க்கைக் குறைத்தவள், விடையை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியுமா? அதனால் ஸ்டெப்போடு எழுதுகிறேன்.

என் சின்ன மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது உங்களுக்குத் தெரியும். அங்கே கடையில் விலை ஏறினால் இங்கே ஆர்டர் குறைகிறது. அவனுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை, பாதிச் சம்பளம் என்று ஆகிவிட்டது. இதை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கம்மா, ஊருக்கே இந்தக் கதைதான்" என்றான்.

நவம்பர் கடைசியில் சின்ன மருமகள் போன் செய்தாள். "அத்தை, இந்த வருஷம் நாங்க வரலை. பெரியவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வருது" என்றாள்.

அந்தக் காய்ச்சல் எனக்குப் பழக்கமானது.

பல வருஷங்களுக்கு முன் எட்டாம் வகுப்பைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப் போனோம். ஆளுக்கு 300 ரூபாய். புறப்படுகிற அன்று ஒன்பது பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அப்போது நான் அதை நம்பினேன். திரும்பி வந்த மறுநாள் ஒன்பது பேரும் நல்ல திடமாக முதல் மணியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வருஷம் முக்கொம்புக்குப் போனோம். வீட்டிலிருந்து கட்டுச்சோறு, பஸ்ஸுக்கு மட்டும் பணம். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. அந்த ஒன்பது பேரில் யாராவது இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

மருமகளிடம் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: "இந்த வருஷம் விருந்து எல்லாரும் சேர்ந்து போடுவது. குடும்பத்துக்கு 1,000 ரூபாய். எங்களோடு சேர்த்து நாலு குடும்பம், 4,000. அதற்கு மேல் யாரும் ஒரு ரூபாய் தரக்கூடாது."

சென்னையில் இருக்கும் மகளுக்குக் கோபம். "ஆயிரம் ரூபாய்ல என்னம்மா வரும்? பிரியாணியை வெளியில ஆர்டர் பண்ணிடலாம், மொத்தமும் நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவள் மனசு நல்ல மனசு. ஆனால் அவள் மொத்தமும் கொடுத்தால் அவள் தம்பி அன்றைக்கு விருந்தாளி. பிறந்த வீட்டில் யாரும் விருந்தாளியாக உட்காரக்கூடாது. தொகையை வைக்கும்போது பெரிய கையைப் பார்த்து வைக்கவில்லை, சின்னக் கைக்கு எட்டுமா என்று பார்த்து வைத்தேன். முதல் ஸ்டெப் இதுதான்.

அடுத்தது, கடன் கூடாது. வேலையில் இருந்தபோது ஒவ்வொரு டிசம்பரும் பண்டிகை முன்பணம் எடுப்பேன். பத்துத் தவணையாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். டிசம்பரில் தின்ற அதிரசத்துக்கு அக்டோபர் வரை கட்டிக்கொண்டிருப்பேன். இது முடியும்போது அடுத்த கிறிஸ்மஸ் வாசலில் நிற்கும். அந்த வட்டத்துக்குள் மறுபடி போக எனக்கு விருப்பமில்லை.

இனி கணக்கு:

ஆட்டுக்கறி 1 கிலோ – 900
கோழி 3 கிலோ – 720
சீரகச் சம்பா 2 கிலோ – 280
முட்டை 15 – 105
வெங்காயம், தக்காளி, காய்கறி, மல்லி, புதினா – 350
பால், தயிர் – 200
எண்ணெய், நெய், மசாலா சாமான் – 350
பாயசத்துக்கு – 180
பிளம் கேக் 1 கிலோ – 450
அதிரசம், முறுக்குக்கு – 250
தேங்காய் 2 – 90
வாழை இலை – 60

மொத்தம் 3,935. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலப்புதூர் பேராலயத்தில் நள்ளிரவுப் பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும்தான் கிறிஸ்மஸ். அதை விட முடியாது. ஆனால் கறி ஒரு கிலோ போதும். எலும்போடு சின்னத் துண்டாகப் போடச் சொல்லி, அரைக் கிலோ உருளைக்கிழங்கு சேர்த்து, குழம்பைக் கொஞ்சம் தளர வைத்தால் 13 பேருக்கு வரும். இட்லிக்கு ரேஷன் புழுங்கலரிசி, அது இலவசம். பலகாரம் சுட அங்கேயே 25 ரூபாய் பாமாயில். மதியம் கோழி பிரியாணி, வறுவல், முட்டை, தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய். சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்க நினைத்தேன். டிசம்பர் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்துவிட்டேன்.

பட்டை, கிராம்பு, வெல்லம் எல்லாம் பென்ஷன் வந்த முதல் வாரமே வாங்கியாயிற்று. வெங்காயம், தக்காளி காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் வாங்கினேன். கறிக்கடையில் பத்து நாள் முன்பே சொல்லி வைத்தேன். பண்டிகைக்கு முதல் நாள் போய் நின்றால் விலை அவர் சொல்வதுதான்.

வேலையையும் பிரித்தேன். கறி வாங்குவது சின்னவன், பிரியாணி பெரியவன், அதிரசம் மருமகள்கள் இருவரும், குடில் கட்டுவது பேரப்பிள்ளைகள். பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஓய்வு பெற்ற எங்கள் வீட்டுக்காரர் எல்லாருக்கும் மேற்பார்வை.

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதினால் பொய். 24ஆம் தேதி சாயங்காலம் மகள் வந்து இறங்கினாள். பையில் தம்பி பிள்ளைகள் இருவருக்கு மட்டும் விலை உயர்ந்த துணி. பெரியவன் பிள்ளைகளுக்கு இல்லை. ஏன் அந்த இருவருக்கு மட்டும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. சின்ன மருமகள் முகம் சுருங்கிப் போனது. இதை நான் கணக்கில் எழுதியிருக்கவில்லை. பையை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். "சின்னக் குட்டிக்கு ஜனவரியில பிறந்தநாள் வருது, அப்ப குடுக்கலாம்" என்றேன். மகள் கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை. ராத்திரி பூசைக்குக் கிளம்பும்போது அவளே வந்து, "நான் யோசிக்கலைம்மா" என்றாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆட்டோவில் போனார்கள்.

மறுநாள் மதியம் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போனது. ரம்ஜானுக்குப் பிரியாணியும் தீபாவளிக்கு முறுக்கும் வந்த வீடுகள் அவை. அந்தச் செலவைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. இலையில் சின்னவன்தான் எல்லாருக்கும் பரிமாறினான். அக்காவுக்கு இன்னொரு கரண்டி வைத்தபோது, "போதும்டா" என்றாள். "சாப்பிடுக்கா, என் காசும் இதுல இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாயசம் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மிச்சம் 65 ரூபாயைப் பேத்தியின் உண்டியலில் போட்டேன். அடுத்த வருஷத்து விருந்துக்கு அதுதான் முதல் வரவு.

பொங்கலோ, ரம்ஜானோ, கிறிஸ்மஸோ, உங்கள் வீட்டிலும் யாருக்காவது பண்டிகைக்கு முந்தி காய்ச்சல் வந்தால், மாத்திரை வாங்கிக் கொடுக்கும் முன் தொகையை ஒருமுறை பாருங்கள்.

எல்லாருக்கும் புத்தாண்டு நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர், மன்னார்புரம்