பத்திராசிரியரின் கடமை

விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டு, அதைப் பரிசீலிக்கும் நிபுணர் இன்னாரென்று அறியாமலே அவருடைய தீர்ப்பை எதிர்நோக்கியிருக்கும் மாதங்கள், ஆராய்ச்சியில் கழிந்த வருஷங்களைக் காட்டிலும் மனத்தை அலைக்கழிப்பவை. 'நம்பத் தகுந்ததாக இல்லை' என்ற ஒற்றை வரியுடன் என் கட்டுரை திரும்பி வந்தபோதெல்லாம், 1958-ஆம் வருஷம் சிக்காகோவில் நடந்த ஒரு காரியத்தை எண்ணியே நான் தைரியம் பெற்றிருக்கிறேன்.

அங்குள்ள சர்வகலாசாலையில் பணியாற்றிய யூஜீன் பார்க்கர் என்னும் இளம் பௌதிக விஞ்ஞானி, சூரியனைச் சூழ்ந்துள்ள கரோனா பத்து லட்சம் டிகிரி அளவில் தகிப்பதால், அதன் வாயு சூரியனுடைய ஈர்ப்புக்கு அடங்கி நிற்க இயலாமல், விலகிச் செல்லச் செல்ல வேகம் பெருகி, ஒலியின் வேகத்தையும் கடந்து, விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வீதம் நாற்றிசையிலும் இடையறாது பாய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்று கணித்து, ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலுக்கு எழுதினார். கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர் இருவரும் அதை நிராகரித்தனர். அவர்களில் ஒருவர், இவர் முதலில் நூல்நிலையத்துக்குப் போய் இவ்விஷயத்தைப் படிக்கட்டும் என்றாராம். ஆராய்ச்சி செய்பவனுக்கு இதைவிடக் கொடிய சொல் உண்டோ!

அப்பத்திரிகையின் ஆசிரியர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர். நட்சத்திரங்களைப் பற்றிய தம் முடிவை, 1935-இல் லண்டன் சபையில் எடிங்டன் என்னும் மகா பண்டிதர் எல்லோர் முன்னிலையிலும் பரிகசிக்கக் கேட்டவர் அவர். பார்க்கரின் கருத்து சந்திரசேகருக்கும் உவப்பாயில்லை. ஆயினும், தம் கணக்கில் இன்ன இடத்தில் பிழை என்று இரு நிபுணரும் சுட்டவில்லையே என்று பார்க்கர் முறையிட்டபோது, அந்த நியாயத்துக்குத் தலைவணங்கி, தம் சொந்த அபிப்பிராயத்தையும் ஒதுக்கிவைத்துக் கட்டுரையைப் பிரசுரித்தார். தாம் ஒப்புக்கொண்டதை அச்சிடுவது எந்த ஆசிரியருக்கும் எளிது. தமக்கு உடன்பாடற்ற ஒன்றை, அதைத் தவறென்று காட்ட எவராலும் இயலவில்லை என்னும் ஒரே காரணத்துக்காக வெளியிடுவதற்கு, தம் அறிவுக்கும் எல்லை உண்டென்று உணர்ந்த பெருமனம் வேண்டும். 1952 முதல் 1971 வரை அப்பத்திரிகையை நடத்திய அவருடைய சேவையில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

நாலே வருஷத்தில், 1962-இல், சுக்கிரனை நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம் 'சூரியக் காற்று' எனப்படும் அந்த வாயுப் பாய்ச்சலை வழிநெடுக அளந்து காட்டியது. 2018-இல் சூரியனை நெருங்கி ஆராயப் புறப்பட்ட கலத்துக்குப் பார்க்கரின் பெயரையே சூட்டினார்கள். அது கிளம்பியதைத் தொண்ணூற்றொரு வயதில் அவர் நேரில் கண்டார்.

எனவே, பிறர் கட்டுரையைப் பரிசீலிக்கும் பொறுப்பேற்ற என் சகாக்களை நான் பணிவுடன் வேண்டிக்கொள்வது இதுதான்: நிராகரிப்பதானால், பிழை எந்தச் சமன்பாட்டில் இருக்கிறது, எந்தச் சோதனையில் இருக்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள், அப்படிக் குறிப்பிட இயலாதபோது, உங்கள் சந்தேகத்தை ஆசிரியருக்குத் தெரிவித்துவிட்டு, கட்டுரை அச்சேறுவதற்கு வழிவிடுங்கள்.